‘யூஸ்டு டு’: எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

மாலைநேர மாணவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் வணிகவியல் முடித்து, கடந்த நான்கு ஆண்டுகளாக ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்த்து வருகிறேன். சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தபோது, இப்போதைய வேலையில் அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தினமும் காலையில் ஸ்டாக் ரிப்போர்ட்டைச் சரிபார்ப்பது என் வழக்கம் என்று சொல்ல நினைத்து, ‘எவ்ரி மார்னிங் ஐ யூஸ்டு டு செக் த ஸ்டாக் ரிப்போர்ட்’ என்றேன். கேட்டவர் நிமிர்ந்து பார்த்து, ‘அப்படியானால் இப்போது அதை யார் பார்க்கிறார்கள்?’ என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘ஐ ஒன்லி’ என்று பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்னதில் ஏதோ பிழை இருக்கிறது என்று தோன்றியது. பள்ளியில் வைத்திருந்த கைடில் ‘யூஸ்டு டு’ என்பதற்கு ‘வழக்கம்’ என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை. அதைத்தான் இத்தனை ஆண்டுகளாக நம்பிப் பேசி வந்திருக்கிறேன். இதற்கிடையில், ஒரு மின்னஞ்சலில் ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் லேட்’ என்று ‘ஆம்’ சேர்த்தும் ‘இங்’ சேர்த்தும் எழுதியிருப்பதைப் பார்த்தேன். வாட்டர் ஃபில்டருடன் வந்த கையேட்டிலோ ‘திஸ் பிரஷ் இஸ் யூஸ்டு டு கிளீன் த ஃபில்டர்’ என்று இருக்கிறது. அங்கே ‘இங்’ இல்லை. இந்த மூன்றும் ஒரே சொற்றொடர்தானா, வேறு வேறா? எதை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரும்பலகை

தம்பி, முப்பத்தோரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்த பிழை, நம் நாட்டில் ஆங்கிலம் பேசுபவர்களிடையே மிகப் பரவலாகக் காணப்படுவது. நன்றாக ஆங்கிலம் எழுதும் அலுவலர்கள்கூட ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் சிக்ஸ்’ என்று இன்றைய வழக்கத்தைச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். குறை அந்தக் கைடில் இருக்கிறது. ‘வழக்கம்’ என்ற பொருள் தவறில்லை; ஆனால் அது பாதிப் பொருள்தான். தமிழில் ‘காலையில் நடப்பது என் வழக்கம்’ என்று சொன்னால், அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘ஐ யூஸ்டு டு வாக் இன் த மார்னிங்’ என்றால், முன்பு நடந்துகொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அதற்கு ஈடான தமிழ், ‘முன்பெல்லாம் நடப்பது வழக்கமாக இருந்தது’ என்பதுதான். அந்த ‘முன்பெல்லாம்’ என்ற சொல் ஆங்கிலத் தொடருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. உங்களை நேர்காணல் செய்தவர் அதனால்தான் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் இன்றைய வழக்கத்தை எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் அதற்குத் தனித் தொடரே தேவையில்லை. நிகழ்காலத்தின் எளிய வடிவமே வழக்கத்தைக் குறித்துவிடும்: ‘எவ்ரி மார்னிங் ஐ செக் த ஸ்டாக் ரிப்போர்ட்.’ வேண்டுமானால் ‘யூஷுவலி’ என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். இது இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே நம்மவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை; ஏதோ ஒன்று குறைவதுபோல் தோன்றி ‘யூஸ்டு டு’வைச் செருகிவிடுகிறார்கள்.

இனி நீங்கள் பார்த்த மற்ற இரண்டு வாக்கியங்கள். மின்னஞ்சலில் இருந்தது பிழையன்று. ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் லேட்’ என்றால், நேரம் கழித்து வேலை செய்வது எனக்குப் பழகிப்போன ஒன்று, அது எனக்குச் சிரமமாகத் தெரிவதில்லை என்று பொருள். இங்கே ‘யூஸ்டு’ என்பது வினைச்சொல்லாக இல்லாமல் ‘பழகிய’ என்னும் பெயரடையாக நிற்கிறது. அதனால்தான் அதற்கு முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘வாஸ்’ என்று ஏதாவது ஒன்று வர வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் ‘டு’வும் வேறு ‘டு’. முதல் வாக்கியத்தின் ‘டு’ வினையோடு சேர்ந்தது. இந்த ‘டு’ நம் நான்காம் வேற்றுமை உருபான ‘கு’வைப் போன்றது. குளிருக்குப் பழகியவன், சத்தத்துக்குப் பழகியவன் என்று சொல்கிறோம் அல்லவா? அந்த ‘கு’தான் இது. ஒரு பெயருக்கு முன்னால்தான் அது நிற்க முடியும் என்பதால், வினை வந்தால் அதை ‘வேலை செய்வதற்கு’ என்பதுபோல் பெயராக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைத்தான் ‘இங்’ செய்கிறது.

என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. ‘டு’வுக்குப் பின்னால் வருவதையெல்லாம் மறைத்துவிட்டு அங்கே ‘இட்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ என்பது முழு வாக்கியமாக நிற்கிறது. ஆகவே அங்கே வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ யூஸ்டு டு இட்’ என்பது அந்தரத்தில் தொங்குகிறது; ஆகவே அங்கே ‘செக்’, ‘வாக்’ என்று வெறும் வினைதான் வர வேண்டும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ போன்ற தொடர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று கடிதத்தை முடிப்பவர்கள் இதையும் கவனித்துக்கொள்ளலாம்.

வாட்டர் ஃபில்டர் கையேட்டில் இருப்பது இவை இரண்டுக்கும் உறவில்லாத மூன்றாவது. வடிகட்டியைச் சுத்தம் செய்ய இந்தத் தூரிகை பயன்படுத்தப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். அது சாதாரணச் செயப்பாட்டு வினை. பக்கத்தில் ஒரு ‘டு’ தற்செயலாக வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஒலியிலும் வேறுபாடு உண்டு. வழக்கத்தையும் பழக்கத்தையும் குறிக்கும்போது நடுவில் பாம்பு சீறுவதுபோன்ற ‘ஸ்’ ஒலி வரும். பயன்படுத்துவதைக் குறிக்கும்போது வண்டு ரீங்கரிப்பதுபோன்ற அதிர்வொலி வரும். தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘ஸ்’ என்றே எழுத வேண்டியிருப்பதால் நமக்கு வேறுபாடு புலப்படுவதில்லை.

பிழைதிருத்தி

அம்மையார் சொன்னதோடு எழுத்துப்பிழை பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். பேச்சில் ‘யூஸ்டு’வின் இறுதி ‘டி’யும் ‘டு’வின் முதல் ‘டி’யும் ஒன்றாகக் கரைந்து ஒரே ஒலியாகிவிடுவதால், கேட்டு எழுதுபவர்கள் அந்த ‘டி’ எழுத்தையே விட்டுவிட்டு ‘ஐ யூஸ் டு கோ’ என்று எழுதிவிடுகிறார்கள். என் மேசைக்கு வரும் படிகளில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைத் திருத்துகிறேன். உடன்பாட்டு வாக்கியத்தில் ‘டி’ கட்டாயம் வேண்டும்.

ஆனால் ‘டிட்’ வந்துவிட்டால் கதை மாறும். இறந்தகாலத்தை ‘டிட்’டே சுமந்துகொள்வதால், ‘டிட் யூ யூஸ் டு ப்ளே கிரிக்கெட்?’, ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் காஃபி’ என்று ‘டி’ இல்லாமல் எழுதுவதே பெரும்பாலான இலக்கண நூல்கள் ஏற்கும் முறை. ‘டிட்ன்ட் யூஸ்டு டு’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தேர்விலோ அலுவலகக் கடிதத்திலோ அதைத் தவிர்ப்பது நல்லது. பழைய பிரிட்டிஷ் நடையில் ‘யூஸ்டு நாட் டு’ என்ற எதிர்மறை வடிவமும் உண்டு. இன்று அது சற்றுப் பழுப்பேறிப்போனது. இந்தக் குழப்பம் எதிலும் சிக்க விரும்பாதவர்கள் ‘ஐ நெவர் யூஸ்டு டு லைக் காஃபி’ என்று எழுதிவிடலாம். அங்கே ‘டி’ உறுதியாக உண்டு.

மொழிபெயர்ப்பு மேசை

இதே தொடரைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்லும்போது வரும் சிக்கலைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். ‘அந்தக் காலத்தில் தாத்தா நான்கு மணிக்கே எழுவார், ஆற்றுக்குப் போவார், எட்டு மணிக்குத் திரும்புவார்’ என்று ஒருவர் எழுதினால், எழுவார், போவார், திரும்புவார் என்ற மூன்றுமே வடிவத்தில் எதிர்காலம். பொருளிலோ கடந்த கால வழக்கம். எதிர்கால வடிவத்தைக் கொண்டு வழக்கத்தைச் சொல்வது நம் மொழியின் இயல்பு. இதற்கு மிக நெருங்கிய ஆங்கில வடிவம் ‘உட்’. ‘ஹி உட் கெட் அப் அட் ஃபோர்’ என்பது பிழையற்ற வாக்கியம். ஆங்கிலத்தில் நினைவுகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘யூஸ்டு டு’வை முதல் வாக்கியத்தில் ஒருமுறை வைத்துக் காலத்தை நிறுவிவிட்டு, அதற்குப் பிறகு ‘உட்’டிலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யூஸ்டு டு’ வந்தால் காதில் ஆணி அடிப்பதுபோல் இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தமிழில் செயலுக்கும் நிலைக்கும் நாம் வேறுபாடு பார்ப்பதில்லை. ‘அப்போதெல்லாம் இந்தத் தெருமுனையில் ஒரு கிணறு இருக்கும்’ என்று பேச்சில் தயங்காமல் சொல்கிறோம். அதையே ‘தேர் உட் பி எ வெல் ஹியர்’ என்று ஆங்கிலமாக்கினால், இனிமேல் வெட்டப்போகும் கிணற்றைப் பற்றியோ, ஏதோவொரு நிபந்தனையைப் பற்றியோ சொல்வதாகத்தான் ஆங்கிலம் அறிந்தவர் நினைப்பார். எழுவது, போவது, பாடுவது என்று திரும்பத் திரும்ப நிகழும் செயல்களுக்கு மட்டுமே ‘உட்’ பொருந்தும். இருத்தல், வசித்தல், அறிந்திருத்தல், விரும்புதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்ற நிலைகளுக்கு ‘யூஸ்டு டு’தான் வர வேண்டும்: ‘தேர் யூஸ்டு டு பி எ வெல் ஹியர்.’

இன்னொன்று. ‘யூஸ்டு டு’ என்றாலே அந்த வழக்கம் நின்றுவிட்டது என்று அம்மையார் சொன்னதைச் சற்றே தளர்த்திக்கொள்ளலாம். அது கேட்பவர் இயல்பாக எடுத்துக்கொள்ளும் முடிவு. சொல்லுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பொருளன்று. ‘ஷி யூஸ்டு டு சிங், அண்ட் ஷி ஸ்டில் டஸ்’ என்று வெளிப்படையாகச் சேர்த்துச் சொன்னால் முரண் எதுவும் இல்லை. சேர்த்துச் சொல்லாவிட்டால் நின்றுவிட்டது என்றே கொள்வார்கள்.

நம் ஊரில் நிகழ்காலத்துக்கு இதைப் பயன்படுத்துவது இன்றைய ஆங்கிலத்தில் பிழைதான். ஆயினும் ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இந்த வினைக்கு நிகழ்கால வடிவம் இருந்தது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனத்தில், ‘ஆஸ் தௌ யூசெஸ்ட் டு டூ’ என்று வருகிறது. நீர் வழக்கமாகச் செய்வதுபோல் என்று பொருள். பிற்காலத்தில் நிகழ்கால வடிவம் உதிர்ந்து, இறந்தகால வடிவம் மட்டும் தனியாக எஞ்சிவிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நேர்காணல் நடந்திருந்தால், ‘ஐ யூஸ் டு செக்’ என்று சொல்லி நண்பர் தப்பித்திருக்கலாம்.

மாலைநேர மாணவன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘இட்’ சோதனையை வைத்துக்கொண்டு நானே சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ‘ஐ யூஸ்டு டு கோ டு ஆஃபீஸ் பை பஸ், பட் நவ் ஐ ரைடு எ பைக்.’ ‘ஐ ஆம் நாட் யூஸ்டு டு ஸ்பீக்கிங் இங்கிலீஷ்.’ ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் திருச்சி ஃபார் த்ரீ இயர்ஸ்.’ ‘திஸ் நாய்ஸ் இஸ் யூஸ்டு டு மீ.’ இவை சரியா? மேலும், இன்னும் முழுதாகப் பழகவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது?

கரும்பலகை

மொழிபெயர்ப்பு மேசை சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். வகுப்பறையில் விதிகளைச் சற்று இறுக்கிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

தம்பி, உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களும் குறையில்லாதவை. மூன்றாவதில் ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பது உறுத்துகிறது. எத்தனை ஆண்டு, எத்தனை முறை என்று கணக்குச் சொல்லி முடித்துவிட்டால், அது வழக்கமாக இல்லாமல் நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. அதற்கு எளிய இறந்தகாலமே போதும். ‘ஐ லிவ்டு இன் திருச்சி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுங்கள், அல்லது ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் திருச்சி’ என்று நிறுத்துங்கள். ‘ஐ யூஸ்டு டு விசிட் ஊட்டி ஃபோர் டைம்ஸ்’ என்பதும் இதே காரணத்தால் பிழை. ஆனால் ‘ஃபோர் டைம்ஸ் எ இயர்’ என்றால் அது மீண்டும் வழக்கமாகிவிடும். ஆண்டுதோறும் நான்கு முறை என்பதற்கு முடிவு எண் கிடையாது.

நான்காவது வாக்கியம் தமிழ் எலும்பின்மேல் ஆங்கிலத் தோல் போர்த்தியது. ‘இந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது’ என்று நம் மொழியில் சத்தத்தை எழுவாயாக்கி, பழகியவரை ‘எனக்கு’ என்று வைக்கிறோம். ஆங்கிலத்தில் பழகிய ஆள்தான் எழுவாய்: ‘ஐ ஆம் யூஸ்டு டு திஸ் நாய்ஸ்.’ நீங்கள் எழுதியபடி படித்தால் அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகிக்கொண்டு பொறுமையாக இருப்பதாகிறது.

பழகிக்கொண்டிருக்கும் நிலைக்கு ‘கெட்’ என்ற வினையைப் பயன்படுத்துங்கள். ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு ஸ்பீக்கிங் இங்கிலீஷ்’ என்றால் பழகி வருகிறேன். ‘ஐ காட் யூஸ்டு டு இட்’ என்றால் பழகிக்கொண்டேன். இங்கேயும் ‘இட்’ சோதனை செல்லும், ‘இங்’கும் தேவை.

மாலைநேர மாணவன்

புரிந்துவிட்டது, அம்மா. வரும் வியாழக்கிழமை இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. அங்கே ‘எவ்ரி மார்னிங் ஐ செக் த ஸ்டாக் ரிப்போர்ட்’ என்றே சொல்கிறேன்.

கரும்பலகை

அப்படியே சொல்லுங்கள். வேலை கிடைத்து, இந்தக் கிடங்கை விட்டு விலகிய பிறகு, நேர்காணலில் சொன்ன அந்தப் பழைய வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளலாம். அப்போது அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.