செய்தவர்களே பேசும் போர் ஆவணப்படங்கள்: என் அனுபவம்

போர் பற்றிய ஆவணப்படம் என்றால் கறுப்பு வெள்ளைக் காட்சிகள், வரைபடத்தில் நகரும் அம்புக்குறிகள், பின்னணியில் கம்பீரமான ஒரு குரல் என்றுதான் நானும் பல காலம் பார்த்துவந்தேன். அந்த வகையில் 1973இல் வந்த 'த வேர்ல்டு அட் வார்' தொடரை இன்றைக்கும் அடித்துக்கொள்ள ஆளில்லை. 26 பகுதிகள், லாரன்ஸ் ஒலிவியரின் குரல். இரண்டாம் உலகப் போரின் போக்கு ஒழுங்காகப் புரிய வேண்டுமென்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு வகைப் படம். ரித்தி பான் 2003இல் எடுத்த 'எஸ்-21'. கம்போடியாவில் துவோல் ஸ்லெங் முன்பு ஒரு பள்ளிக்கூடம். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அதை எஸ்-21 என்ற சித்திரவதைச் சிறையாக்கினார்கள். அங்கே வேலை பார்த்த காவலர்களையே பான் மறுபடி அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிவருகிறார். ஒருவர் காலி அறைக்குள் போய்த் தன் பழைய வேலையைச் செய்து காட்டுகிறார். பூட்டுகளைச் சரிபார்க்கிறார், இல்லாத கைதிகளை அதட்டுகிறார், வெளியே வருகிறார், திரும்ப உள்ளே போகிறார். அவர் உடம்பு எதையுமே மறக்கவில்லை. கேமரா மட்டும் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிறது. அந்தத் தரையில் மனிதர்கள் வரிசையாகக் கிடந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ புள்ளிவிவரம் படித்தும் உறைக்காத விஷயம் அது.

அப்புறம் 'த லுக் ஆஃப் சைலன்ஸ்' (2014). இந்தோனேசியாவில் 1965-66இல் நடந்த படுகொலைகளில் அண்ணனைப் பறிகொடுத்தவர், கண் பரிசோதனை செய்பவராகக் கொலையாளிகளிடம் போகிறார். கண்ணாடியை மாட்டிவிட்டு, லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றியபடியே கேள்வி கேட்கிறார். இதன் இயக்குநர் ஜாஷுவா ஓப்பன்ஹைமர் அதே படுகொலைகளைப் பற்றி இதற்கு முன் எடுத்த 'த ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தில், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை விட்டுவிடாமல் பாருங்கள். பெயருக்குப் பதிலாக 'அநாமதேயர்' என்றே வரிக்கு வரி வரும். அத்தனை வருடம் கழித்தும் படத்தில் வேலை செய்த அந்த ஊர்க் கலைஞர்கள் தங்கள் பெயரை வெளியே சொல்ல முடியாத நிலை.

'த ஃபாக் ஆஃப் வார்' பார்க்கிறவர்கள் டோக்கியோ பற்றிய பகுதியைக் கவனமாகப் பாருங்கள். 1945 மார்ச்சில் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேர் எரிந்து செத்ததைப் பற்றி, அப்போது அமெரிக்க விமானப்படையில் இருந்து பிறகு பாதுகாப்புச் செயலரான ராபர்ட் மெக்னமாரா பேசுகிறார். போரில் தோற்றிருந்தால் தங்களைப் போர்க் குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்கிறார். முழு மனதோடு வருந்துகிறாரா, கணக்கை நேர்செய்கிறாரா? எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது, நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததைப் பற்றிய குளோத் லான்ஸ்மானின் 'ஷோவா' (1985). 9 மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பழைய காட்சித் துணுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ட்ரெப்ளிங்கா என்ற நாஜி கொலைமுகாமில் சாகப்போகும் பெண்களுக்கு முடி வெட்டவேண்டியிருந்த முடிதிருத்துநர் ஒருவர், கத்தரிக்கோலை அசைத்துக்கொண்டே அதைச் சொல்லிவந்து, சட்டென்று பேச்சற்று நிற்பார். கண்ணைத் துடைப்பார். வேண்டாம் என்பார். லான்ஸ்மான் விடமாட்டார். அப்படி வற்புறுத்தியது சரியா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது, ஆனால் அந்தச் சாட்சியம் இல்லாத உலகத்தை நான் விரும்பமாட்டேன்.

இந்தப் படத்தை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், பகுதி பகுதியாகப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசும் இடங்களை ஓட்டிவிடவும் வேண்டாம். பதில் சொன்னவர் தன் வார்த்தை மாற்றிச் சொல்லப்படும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவர் முகத்தை நன்றாகப் பார்க்க முடிகிறது.