மறு: மறு: ‘மட்லிங்’ – தமிழில் ஒரு வினைச்சொல் வேண்டும்

பெரம்பூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். வீட்டில் பானம் கலப்பது பற்றிய சொல்தொகுப்பில் ‘மட்லிங்’ என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. எலுமிச்சைத் துண்டுகளையும் சர்க்கரையையும் கிளாஸின் அடியில் போட்டு ஒரு கட்டையால் அழுத்துகிறார்களே, அந்த வேலை. ‘நசுக்கல்’ என்று போட்டு முடித்துவிடலாமா? அந்தக் கட்டைக்கு, அதாவது மட்லருக்கு, ‘நசுக்குக்கோல்’. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

நசுக்கல் வேண்டாம் சார். பூண்டை நசுக்கலாம், மூட்டைப்பூச்சியை நசுக்கலாம். எலுமிச்சையை நசுக்கினால் பானம் கெட்டுவிடும். சொல் அழகாக இருக்கிறதா இல்லையா என்பது எனக்குப் பெரிதில்லை. குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் அப்படியே செய்தால் கிளாஸில் என்ன இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

எலுமிச்சைத் தோலின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே புள்ளி புள்ளியாக எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. மணம் அங்கேதான், அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். சாற்றில் இருப்பது புளிப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் கசப்பு. மட்லிங்கில் நாம் செய்ய நினைப்பது, எண்ணெய்ப் பை உடையவேண்டும், சாறு இறங்கவேண்டும், வெள்ளையும் விதையும் மட்டும் சிதையக்கூடாது. சர்க்கரையை அப்போதே போடுவதும் இனிப்புக்காக மட்டும் இல்லை. அதன் பரல்கள் தோலை உரசி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதோடு சர்க்கரை சாற்றில் கரையும், சாராயத்தில் சரியாகக் கரையாது. அதனால்தான் ரம்மை ஊற்றுவதற்கு முன்பே இந்த வேலையை முடிக்கச் சொல்கிறார்கள்.

பிரேசில்காரர்களின் கைப்பிரின்யா என்ற பானம் முழுக்க இந்த ஒரு வேலையில்தான் நிற்கிறது. பச்சை எலுமிச்சை, சர்க்கரை, கரும்புச்சாற்றிலிருந்து வடிக்கும் கஷாசா என்ற சாராயம், ஐஸ். அவ்வளவுதான். அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்று 2003இல் அந்நாட்டு அரசு ஆணையே போட்டது. நம் ஊரில் கஷாசாவைத் தேடி அலையவேண்டாம், வெள்ளை ரம் போதும். ஒரு எலுமிச்சையை எட்டாக நறுக்கி, நடுவில் ஓடும் வெள்ளை நரம்பையும் விதைகளையும் எடுத்துவிட்டு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டு அழுத்தி, 60 மில்லி ரம், கிளாஸ் நிறைய ஐஸ், மேலே கொஞ்சம் சோடா. (ஐஸ் வீட்டு ஃபிரிஜ்ஜில் உறையவைத்ததாக இருக்கட்டும். காசிமேட்டில் மீன்பெட்டிக்குப் போகிற ஐஸ்கட்டி பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டு விலகிவிடுங்கள்.) சட்டப்படி 21 வயது ஆகாதவர்களும் குடிப்பழக்கம் இல்லாதவர்களும் ரம்மை விட்டுவிட்டுச் சோடாவைக் கூட்டிக்கொள்ளலாம். பாதிக் கிளாஸ் மணம் தோலிலிருந்து வருவதால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

வெளிநாட்டுக் குறிப்பில் ‘லெமன்’ என்று இருந்தால் அது பெரிய, மஞ்சளான, தோல் தடித்த பழம். நம் கடையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சை அவர்கள் ‘லைம்’ என்று சொல்வதோடுதான் சேரும். தோல் மெல்லிசு, சீக்கிரம் சிதையும். நமக்கு இன்னும் மெதுவான கை வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘இடித்தல்’ உரலுக்குப் போய்விடும். ‘மசித்தல்’ என்றால் உருளைக்கிழங்கு. ‘பிழிதல்’ சாற்றோடு நின்றுவிடும், தோலைத் தொடாது. ‘நெரித்தல்’ கரும்புக்குப் பொருந்தும். ஆனால் ‘எலுமிச்சையை நெரிக்கவும்’ என்று அச்சில் பார்த்தால் எஃப்.ஐ.ஆர். படிப்பது போல இருக்கிறது.

என் யோசனை ‘கன்ற அமுக்கு’. பழம் கீழே விழுந்து ஒரு பக்கம் உள்ளுக்குள் அடிபட்டு, மேல்தோல் கிழியாமல் நிறம் மாறியிருந்தால் ‘கன்னிப்போச்சு’ என்கிறோம். அடிபட்ட முழங்காலுக்கும் அதே சொல். அதன் எழுத்துவடிவம் கன்றுதல். சிதையாமல் உள்ளே உடைவது, அவ்வளவும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. அமுக்கு என்பதற்கு விளக்கம் வேண்டாம், கோலி சோடாவை எப்படித் திறப்போம் என்று யாரைக் கேட்டாலும் அந்தச் சொல்தான் வரும். ஹிரம் காட் 1872இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய புட்டி அது. இங்கே வந்ததும் எந்தக் குழுவும் கூடாமலேயே கோலி சோடா ஆகிவிட்டது.

மட்லருக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. மத்து. தயிர் கடைகிற, தலையில் பள்ளம் பள்ளமாக வெட்டிய மத்து இல்லை; கீரை மத்து. தலை அகலமென்பதால் ஒல்லிக் கிளாஸில் நுழையாது, வாயகன்ற டம்ளராக எடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

தம்பி, இவ்வளவு சுற்றவேண்டுமா? புதினாவை மோந்து பார்க்க என்ன செய்கிறோம்? உள்ளங்கையில் வைத்துக் கசக்குகிறோம். இலை மேல் இருக்கிற மணச்சுரப்பி உடைய அது போதும். எலுமிச்சையோடு புதினா சேரும் மொஹிட்டோவுக்கும் அதே வேலைதான். ‘கசக்கல்’ என்றே வைக்கலாம். ஒரே சொல், பெயர்ச்சொல்லாகவும் நிற்கும். உங்கள் ‘கன்ற அமுக்கு’ இரண்டு சொல், கலைச்சொல் போலவே இல்லை.

பி.கு.: புதினா வாங்க மின்ட் தெருவுக்குப் போகச் சொன்ன என் மகனுக்கு, அது நாணயம் அடித்த தங்கசாலை என்று இப்போதுதான் புரியவைத்தேன்.

ராயபுரத்திலிருந்து:

அக்கா, கசக்கல் என் மனதிலும் முதலில் வந்த சொல்தான். புதினாவுக்கு அதையே வைத்துக்கொள்வோம். எலுமிச்சைக்குப் போனால் சிக்கல். ‘அதிகம் அழுத்தினால் கசக்கும்’ என்று குறிப்பில் எழுதவேண்டிய இடம் கட்டாயம் வரும். அந்தக் ‘கசக்கும்’ கையின் வேலையா, நாக்கின் வருத்தமா? கசக்கு, கச இரண்டு வினையும் அங்கே ஒரே உருவம். வேறு பண்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கசப்பு வராமல் பார்ப்பதுதான் இந்த வேலையின் முழுக் கவனமும் என்னும்போது அதற்கே இப்படியொரு பெயரா?

இரண்டு சொல் என்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை. நம் சமையல்மொழி எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். மைய அரை. குழைய வேகவை. பொன்னிறமாக வறு. ஒன்றிரண்டாக இடி. எந்தப் பக்குவத்தில் நிறுத்துவது என்பதை முன்சொல் சொல்கிறது, கை என்ன செய்யவேண்டும் என்பதைப் பின்சொல் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் நாமும் ஒரே சொல்லைத் தேடுகிறோம். அதில் பக்குவம் உதிர்ந்துபோகிறது. மட்லிங் என்று படித்துவிட்டு எலுமிச்சையைச் சட்னியாக்கியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ‘மைய அரை’க்குப் பக்கத்தில் ‘கன்ற அமுக்கு’ என்று எழுதிப் பாருங்கள், பாட்டி சொன்னது போலவே நிற்கிறது. பட்டியலுக்குப் பெயர்ச்சொல் கட்டாயம் என்றால் ‘கன்றமுக்கல்’. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, இருந்தாலும் அகரவரிசையில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

கசப்பு விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை. ‘கன்ற’ என்றே எழுதவேண்டும், பேச்சுவழக்கு என்று ‘கன்னி’ பக்கம் போகக்கூடாது. ஹோட்டல் மெனுவில் ஏற்கெனவே விர்ஜின் மொஹிட்டோ இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். தொகுப்பில் இப்படி ஏற்றுகிறேன்:

மட்லிங் – கன்ற அமுக்குதல்; பெயர்ச்சொல்: கன்றமுக்கல். இலைகளுக்கு: கசக்கல். கருவி: மத்து.

அடுத்தது ‘ஷேக்கிங்’. குலுக்கல் என்றால் எல்லோருக்கும் சீட்டுக் குலுக்கல்தான் ஞாபகத்துக்கு வரும் என்று இப்போதே ஒரு தனிமடல் வந்திருக்கிறது.