குளிர்காலத்தில் புதைந்து கிடந்து உணவை மறுக்கும் கொம்புத் தவளை: எந்தப் படுகை போடுவது?

கேள்வி (ஸ்கார்பரோ, டொராண்டோ)

வணக்கம். கடைகளில் பேக்மேன் தவளை என்று விற்கப்படும் கொம்புத் தவளை ஒன்று எங்கள் வீட்டில் வளர்கிறது. வளர்ந்த பெண் தவளை. உடல் ஏறக்குறைய 11 செ.மீ. நீளம். கோடையில் இடுக்கியில் எதை நீட்டினாலும் பாய்ந்து கவ்வியது. வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதிலிருந்து தொட்டியின் ஒரு மூலையில் புதைந்து கிடக்கிறது. மண்புழுவை வாய்க்கருகே அசைத்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறது. முதுகின் பச்சை நிறம் மங்கிவிட்டது. முதுகிலும் தொடையிலும் காய்ந்த வெங்காயச் சருகு போன்ற மெல்லிய பழுப்புத் தோல் ஒட்டியிருக்கிறது. மூக்குத் துளைகள் மட்டும் திறந்திருக்கின்றன.

தொட்டி 50 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டி. அடியில் மீன்தொட்டிக் கூழாங்கல், அதன்மேல் மரப்பட்டைத் துண்டுகள். தவளையை எங்களிடம் ஒப்படைத்தவர் அப்படித்தான் வைத்திருந்தார். ஹீட் மேட் எனும் சூடேற்றும் விரிப்பு தொட்டிக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ளது. இது நோயா, இயல்பான உறக்கமா? தோண்டி எடுக்கலாமா? படுகையை மாற்றுவதானால் தும்புச்சோறு (தென்னை நார்த்தூள்) நல்லதா, தோட்டத்து மண் நல்லதா?

மறுமொழி: நெடுநாளாகக் கொம்புத் தவளை வளர்ப்பவர்

வணக்கம். நீங்கள் விவரிக்கும் சருகுத் தோல் அச்சம் தருவதாக இருந்தாலும், இந்த இனத்தின் வாழ்விடத்தை அறிந்தால் அதன் காரணம் விளங்கும். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது க்ரான்வெல் கொம்புத் தவளை. 1980இல் பார்ரியோ என்ற ஆய்வாளர் தனி இனமாக விவரித்த இத்தவளை, அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா, பிரேசில் ஆகிய நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ என்னும் வறண்ட சமவெளிக்கு உரியது. அங்கே குளிர்காலமே மழையற்ற காலம். மண் காயத் தொடங்கியதும் தவளை பின்னங்கால்களால் தோண்டி உள்ளே இறங்கிவிடும். உரிக்கும் தோலை உதறாமல் அடுக்கடுக்காக உடம்பின்மேல் சேர்த்து ஓர் உறையாக்கிக்கொண்டு, உடலின் நீர் வெளியேறாதபடி தடுத்து, அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். மூக்குத் துளைகள் மட்டும் திறந்திருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதும் அந்த உறையையே காட்டுகிறது.

ஆகவே உங்கள் தவளை வறட்சி வந்துவிட்டதாக உணர்ந்திருக்கிறது. ஆனால், இயற்கைதானே என்று விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். சாக்கோவின் ஆழ்மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரம் மரப்பட்டைத் துண்டுகளுக்கிடையில் இருக்காது. நீர்ச்சத்து முன்பே குறைந்த தவளை அங்கே உறங்கவில்லை, உலர்ந்துகொண்டிருக்கிறது.

மெதுவாகத் தோண்டி எடுங்கள். ஈரக் கையால் இருபக்கமும் விலாவைப் பற்றித் தூக்குங்கள். வாய்க்கு முன்னால் விரல் செல்லவே கூடாது. அகன்ற பாத்திரத்தில் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரை, தவளையின் உடல் உயரத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கொம்புத் தவளைக்கு நீந்தத் தெரியாது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்; ஆழமான நீரில் மூழ்கி இறந்துபோகும். தோலை நீங்கள் உரிக்க வேண்டாம். ஈரம் ஏறியதும் தவளையே கால்களால் வாய்க்குத் தள்ளி விழுங்கிவிடும்.

தொட்டியின் வெப்பநிலை, ஈரப்பதம், கடைசியாக மலம் கழித்தது எப்போது, நீரை எப்படித் தயாரிக்கிறீர்கள் ஆகியவற்றைத் தெரிவியுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நீரில் வைத்ததும் வயிற்றை நன்றாகப் பரப்பி உட்கார்ந்துவிட்டது. உறையின் ஒரு பகுதி நெகிழ்ந்து தோளிலிருந்து கழன்றது, அதை விழுங்கவும் செய்தது. தொட்டியின் மேற்பரப்பில் இரவில் 19 பாகை. ஹீட் மேட்டுக்கு நேர்மேலே கூழாங்கற்களுக்கிடையில் 33 பாகை. ஈரப்பதமானி 35 விழுக்காடு காட்டுகிறது. மலம் கழித்து நெடுநாளாகிவிட்டது. வயிறு சற்று உப்பலாக இருப்பதாக என் மனைவி கருதுகிறார். குழாய் நீரை ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறோம்.

மறுமொழி: விலங்கு மருத்துவமனை உதவியாளர்

நீர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை இன்றே மாற்றலாம். ஓர் இரவு திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் டொராண்டோ நகரின் குடிநீரில் கிருமிநாசினியாக நிலைத்திருக்கும்படி சேர்க்கப்படுவது குளோரமின். அது எளிதில் ஆவியாகாது. மீன்தொட்டிக்கு விற்கும் நீர் சீராக்கியில், குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடிப்பகுதியிலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள மென்தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. எனவே நீர்க் கிண்ணத்துக்கு மட்டுமன்றி, படுகையை நனைப்பதற்கும் நீர் தெளிப்பதற்கும் சீராக்கிய நீரே வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் நெடுநேரம் ஊறவைப்பதும் நல்லதல்ல. உப்புகளே இல்லாத நீர் உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கும்.

இரண்டாவது, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்த உப்பிய வயிறு. கொம்புத் தவளையின் நாக்கு எவ்வளவு வலுவாக ஒட்டும் என்பதை ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அளந்து வெளியிட்டார்கள். தன் உடல் எடையைவிட அதிகமான எடையையும் இழுக்கும் அளவுக்கு அது ஒட்டுகிறது. இரையின்மேல் விழும் அந்த நாக்கு, அருகில் கிடக்கும் மரப்பட்டைத் துண்டையும் சிறு கல்லையும் சேர்த்தே வாய்க்குள் கொண்டுபோகும். நார்த்தூளாக இருந்தால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். கல்லும் பட்டையும் குடலில் தங்கி அடைப்பை உண்டாக்கும். உணவு மறுப்பு, மலம் வராமை, உப்பிய வயிறு ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், நீர்நில வாழ்விகளைப் பார்க்கும் மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கல் அதில் தெளிவாகத் தெரியும். பட்டை சில வேளைகளில் தெரியாது என்பதால் மருத்துவர் தொட்டும் பார்ப்பார். வயிற்றை நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், வாயைத் திறந்து உணவு திணிக்கவும் வேண்டாம். முடிவு தெரியும்வரை, சீராக்கிய நீரில் நனைத்த வெள்ளைக் காகிதத் துவாலையை விரித்த பெட்டியில் வைத்திருந்து, துவாலையை நாள்தோறும் மாற்றுங்கள். மலம் வந்தால் உடனே கண்ணில் படும்.

மறுமொழி: நெடுநாளாகக் கொம்புத் தவளை வளர்ப்பவர்

சகோதரி சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஆனால் காகிதத் துவாலையை நிரந்தரமாக வைத்துவிடக் கூடாது. சுத்தம் செய்ய எளிது என்று ஆண்டுக்கணக்காகத் துவாலையில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். புதைந்து வாழும் உயிரைப் புதைய இடமின்றி வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை.

நிரந்தரப் படுகைக்கு உங்கள் தும்புச்சோறே, அதாவது கோகோபீட் என்று கட்டியாக விற்கும் தென்னை நார்த்தூளே போதும். இங்குள்ள செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் கட்டிகளில் பல இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருபவைதாம். 650 கிராம் கட்டி ஊறினால் 7 முதல் 8 லிட்டர் வரை வரும். தோட்டக்கலைக்கு என விற்பதை வாங்கினால் உரம் கலக்காதது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உப்பு நீர் பட்ட தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த தூளில் உப்புத் தங்கியிருக்கும் என்பதால், துணியில் கட்டி நீர் தெளிந்து வரும்வரை அலசிவிடுங்கள். வீட்டுத் தோட்டத்து மண்ணில் உரமோ பூச்சிக்கொல்லியோ இருக்கக்கூடும். அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

ஈரத்தின் அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு கைப்பிடி தூளை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்து, கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். நீர் ஒழுகினால் அது சேறு. அதிலேயே கிடக்கும் தவளைக்கு வயிற்றுத் தோலில் கிருமித் தொற்று வரும். உருண்டை உதிர்ந்தால் வறட்சி. மேற்பரப்பில் நீர் தெளிப்பதோடு நிறுத்திவிட்டால் மேலே ஈரமாகவும் அடியில் காய்ந்தும் போகும். ஹீட்டர் ஓடும் மாதங்களில் ஓரமாகச் சிறிது நீரை ஊற்றி, அடிவரை கிளறிவிட வேண்டும். மூடியின் வலையில் பெரும்பகுதியைக் கண்ணாடியால் மறைத்தால் ஈரம் நிற்கும். தவளை முழுவதும் மறைய வேண்டுமென்றால் 8 முதல் 10 செ.மீ. ஆழம் வேண்டும். கூழாங்கல்லை முற்றிலும் எடுத்துவிடுங்கள்.

ஹீட் மேட்டை அடியிலிருந்து அகற்றுங்கள். சூடு அதிகமானால் கீழே தோண்டிக் குளிர்ச்சி தேடுவது இத்தவளையின் இயல்பு. உங்கள் தொட்டியிலோ கீழே போகப் போகச் சூடு கூடுகிறது. தப்பிக்கத் தோண்டும் தவளை வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். பக்கவாட்டுக் கண்ணாடியில், படுகையின் மட்டத்துக்கு மேலே ஒட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாக மட்டும் இயக்குங்கள். பகலில் 24 முதல் 28 பாகை, இரவில் 22 வரை இறங்கலாம்.

மலத்தைக் கண்டவுடன் சுற்றியுள்ள தூளோடு அள்ளிவிடுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படுகை முழுவதையும் மாற்றுங்கள். கழிவில் உண்டாகும் அம்மோனியாவும் நீர் செல்லும் அதே தோல் வழியாகவே உள்ளே செல்கிறது. திடீரென்று தவளை நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, பின்னங்கால்களை விறைப்பாக நீட்டினாலோ அதற்கு நஞ்சேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே சுத்தமான நீருக்கு மாற்றி, நீரை அடிக்கடி புதுப்பித்து, மருத்துவரை அழையுங்கள்.

கேட்டவர்

எக்ஸ்ரேயில் கல் எதுவும் இல்லை. நீர்ச்சத்து குறைந்து மலம் இறுகியிருப்பதாக மருத்துவர் சொல்லி, வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் வைக்கச் சொன்னார். துவாலைப் பெட்டியில் மலம் வந்தது. அதற்குள் விரல்நக அளவில் ஒரு பட்டைத் துண்டு இருந்தது. உறை முழுவதும் கழன்று, பச்சை நிறம் திரும்பியிருக்கிறது. நீங்கள் சொன்னபடி புதுப் படுகை தயாராகிவிட்டது. இனி உணவை எப்படித் தொடங்குவது? உறைந்த எலிக்குஞ்சு கொடுத்தால் விரைவில் தேறும் என்று கடையில் சொன்னார்கள்.

மறுமொழி: விலங்கு மருத்துவமனை உதவியாளர்

நல்ல செய்தி. எலிக்குஞ்சை இப்போது கொடுக்க வேண்டாம். இறுகிப்போயிருந்த குடலுக்கு அது பெரும் சுமை. பழகிய பின்னரும் எப்போதாவது ஒருமுறைதான் கொடுக்கலாம். கொழுப்பு மிகுந்த உணவையே தின்று வளரும் தவளைகளுக்குக் கண்ணின் கருவிழியில் கொழுப்புப் படிந்து பார்வை மங்குவதுண்டு. புதுப் படுகையில் முதலில் சில நாள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். பிறகு, மாலை மங்கிய வெளிச்சத்தில், பாதியாக நறுக்கிய மண்புழு ஒன்றை மழுங்கிய முனையுள்ள நீண்ட இடுக்கியில் பிடித்து, தாடைக்குப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். பாயவில்லையென்றால் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மீண்டும் முயலுங்கள். வளர்ந்த தவளை சிறிது காலம் உண்ணாமல் தாங்கும், அவசரப்பட வேண்டியதில்லை.

உண்ணத் தொடங்கிய பிறகு வாரம் ஒருமுறை அல்லது இருமுறை போதும். மண்புழுவோடு, தீனிக்கென விற்கும் டூபியா கரப்பானையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சிகளின்மேல் வைட்டமின் டி3 கலந்த சுண்ணாம்புச்சத்துத் தூளைத் தூவிக் கொடுங்கள். தங்கமீன் கொடுக்க வேண்டாம்; வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி அதில் இருக்கிறது. உணவூட்டும் வேளையில் மட்டும் தவளைக்கு முன்னால் ஒரு தட்டையான ஓடோ அகன்ற இலையோ வைத்து, அதன்மேல் இரையைக் காட்டினால் நாக்கோடு தூள் வருவது வெகுவாகக் குறையும். அடுத்த முறை மலம் வந்ததும் அதன் தன்மையை இங்கே எழுதுங்கள். இன்னும் பட்டைத் துண்டு தென்பட்டால் மருத்துவரிடம் மறுபடியும் காட்ட வேண்டும்.