போர்க்கால ஜீப்பை ஏற்காடு மலையில் ஓட்ட: பிரேக் வேலை அனுபவங்கள்

அடிவாரம்:
வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ (1941–45) என்ற ரெண்டு போர்க்கால ஜீப்புக்குமே பிரேக் ஒரே சர்க்யூட், அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஒரு ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. ஹேண்ட்பிரேக்கும் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் டிரம்மைப் பட்டை கவ்வுகிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் பட்டை நனைந்து வழுக்கும். 20 கொண்டை ஊசி வளைவில் இறங்க வேண்டிய வண்டிக்குப் பச்சை பெயின்ட், வெள்ளை நட்சத்திரம் எல்லாம் முடித்த பிறகு பிரேக்கைத் தொடுவது தப்பு. பாடியைக் கழற்றி வைத்திருக்கும்போதே பைப், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பம்ப்) கிட் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். கையோடு தரைத்தகட்டுக்கு அடியில் உள்ள தொப்பி சேனலையும் (தொப்பி வடிவில் மடித்த தாங்கு தகடு) தட்டிப் பாருங்கள். உள்ளே வைத்த மரக்கட்டை ஈரத்தைப் பிடித்து வைத்து, தகட்டை உள்ளிருந்தே அரித்திருக்கும்.

லேத் பட்டறை:
சக்கரத்து பிரேக் டிரம் 9 இன்ச். ஒரே ஆக்சிலின் ரெண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடையணும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடைந்த டிரம்முக்குப் பழைய அளவு லைனிங் (பிரேக் ஷூ மேல் ஒட்டும் உரசு பட்டை) போட்டால் நடுவில் மட்டும்தான் உரசும். தடிமனான லைனிங் ஒட்டி, டிரம் வளைவுக்கே தேய்த்து வாங்குங்கள். ஷூவை டிரம் மேல் தள்ளும் வீல் சிலிண்டர் முன்னால் 1 இன்ச், பின்னால் 3/4 இன்ச். மாற்றி மாட்டினால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மேல் முனை 0.008, கீழ் முனை 0.005 இன்ச்.

பிரேக் பெடலில் சும்மா அமுங்கும் ஆட்டம் அரை இன்ச் கட்டாயம். அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துளை மூடியே கிடக்கும். ஆயில் திரும்ப வழியில்லாமல் ஓட ஓட பிரேக் தானாகவே இறுகும்.

ஏற்காடு எஸ்டேட்:
இங்கே பனியும் மழையும் அதிகம், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140-க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் பலகையைத் தொடும். வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். ஏர் எடுப்பது (லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கணும்.

இறங்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ (மெதுவான, விசை கூடிய நிலை) போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் சக்கர டிரைவ் போட்டால்தான் லோ விழும். காய்ந்த தார் ரோட்டில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொண்டால் திருப்பத்தில் முறுக்கு ஏறி லீவர் சிக்கும், ஜாயின்ட்டும் உடையலாம். ஹையில் (சாதாரண நிலை) வைத்து செகண்ட் கியர் போதும். ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கி எளிதாக விழ வைக்கும் அமைப்பு) கிடையாது, வளைவு நடுவில் தேடினால் கிடைக்காது. வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள்.

அடிவாரம்:
கீழே வந்ததும் நாலு டிரம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரத்தில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் ஷூவை நோண்டும் முன் அந்தப் பக்கத்து ஹோஸைச் சந்தேகப்படுங்கள். உள் ரப்பர் வீங்கினால் ஆயில் போகும், திரும்பாது; வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.