கண்டியில் அரைநாள்: எதைப் பார்ப்பது?

கேள்வி: பதுளையிலிருந்து வரும் நானும் அம்மாவும் கண்டியில் அரைநாள் மட்டுமே தங்குகிறோம். புத்தரின் புனிதப் பல் உள்ள தலதா மாளிகையின் நெரிசலைத் தாண்டிப் பழைய நகரையும் கிராமப்புறத்தையும் காண அது போதுமா?

பதில்: போதும், தம்பி. மாளிகைக்கு அருகிலுள்ள, நாத தெய்வத்தின் கோயிலான நாத தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பப்பட்ட அதுவே நகரின் மிகப் பழைய கட்டடமாகக் கருதப்படுகிறது.

பதில்: நகரில் செலவிடும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டு, கண்டிக்கு அருகே கிராமப்புறத்திலுள்ள கடலாதெனிய விகாரைக்குச் செல்லுங்கள் என்பேன். 1344இல் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் கற்பாறைமேல் எழுந்த அந்த விகாரையின் வாசல் தூண்களைப் பார்க்கும்போது, இம்மலைகளில் தமிழகக் கைவண்ணம் எவ்வளவு பழையது என்ற எண்ணமே மனத்தை நிறைக்கும். சில கிலோமீற்றர் தொலைவில், கதிர்காமக் கடவுளுக்குரிய எம்பெக்கே தேவாலயம் உள்ளது. அதன் மரத்தூண்களில் உள்ள செதுக்கல்களை அம்மா ஆறுதலாகப் பார்க்கட்டும்.

பதில்: காலணியைக் கழற்ற வேண்டும், வெயிலில் பாறை சுடும், ஆகவே காலையிலேயே செல்லுங்கள்.