பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து அனுபவங்கள்

ஓசூர் உறுப்பினர்:

நம்ம பக்கம் விலைக்கு வர்ற ஸ்போர்ட்ஸ் கார்ல நிறைய பெங்களூரு வண்டிங்க. "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாங்க, 18,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு"ன்னு சொல்லியே விலையை ஏத்துவாங்க. அந்தக் கம்மி கிலோமீட்டரைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். வண்டி நின்னாலும் ரப்பருக்கும் ஆயிலுக்கும் வயசு ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

டயர் பக்கவாட்டுல டாட் (DOT)-னு ஆரம்பிக்கிற வரியோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2317-ன்னா 2017-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் முழுசா இருக்கும், ஆனா ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழை ரோட்டுல பிடிக்காது. பட்டன் இடுக்குல மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிஞ்சா நாலையும் மாத்துற செலவை அப்பவே விலையில கழிச்சுப் பேசுங்க.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஆனா அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கும். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா, 155 டிகிரி தாங்கினாலே போதும்னுதான் தர விதி சொல்லுது. ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஓட்டிப் பாத்தா ஒரு குறையும் தெரியாது. தருமபுரி தாண்டி சேலம் பக்கமா தொப்பூர் கணவாய் இறங்கும்போது, திரும்பத் திரும்ப பிரேக் மிதிச்சு காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) சூடேறுற இடத்துலதான் ஆயில் கொதிக்கும். பைப்புக்குள்ள ஆவி சேரும், பெடல் தரை வரைக்கும் போயிடும். முன்னாடி லாரி இருந்தா நினைச்சுப் பாருங்க. இதை அங்க போய் சோதிக்கவே கூடாது. பேனா மாதிரி ஒரு டெஸ்டர் வருது, ஆயில் டப்பாவுல விட்டா ஈரம் எவ்வளவுன்னு லைட் காட்டிடும். கடைசியா ஆயில் மாத்தின பில் ரெண்டு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா, டெஸ்டர் என்ன சொன்னாலும் மாத்திட்டுத்தான் மலைப் பாதையில எடுக்கணும்.

பிரேக் டிஸ்க்ல குறைஞ்சபட்ச கனம் அச்சடிச்சே இருக்கும். ஓரத்து விளிம்பை விட்டு, பேட் தேயுற இடத்துல அளந்து ஒப்பிடுங்க. ஓட்டை போட்ட டிஸ்க்னா ஒரு ஓட்டையில இருந்து அடுத்த ஓட்டைக்கோ, வெளி விளிம்புக்கோ வெடிப்பு ஓடியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும்.

கிருஷ்ணகிரி உறுப்பினர்:

அண்ணன் பிரேக்கைச் சொல்லிட்டார், நான் இன்ஜினைச் சொல்றேன். நீங்க போகும்போது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி சூடா இருந்தா, பேசிட்டுத் திரும்பி வந்துடுங்க. மறுநாள் காலையில சொல்லாம போங்க. 2012 வரைக்கும் வந்த ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், ஆடி 1.8, 2.0 டி.எஸ்.ஐ., டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜின்ல டைமிங் செயின் டென்ஷனர், அதாவது வால்வை ஓட்டுற செயினை இறுக்கிப் பிடிக்குற பாகம், பலவீனம். குளிர்ந்த இன்ஜினை எழுப்பின முதல் ரெண்டு மூணு வினாடிதான் கடகடன்னு சத்தம் வரும், அப்புறம் அடங்கிடும். டென்ஷனர் விட்டுட்டா செயின் பல் தாண்டும், வால்வு போய் பிஸ்டன்ல அடிக்கும், இன்ஜினையே பிரிக்கணும். இதே இன்ஜின்கள்ல சிலது ஆயிலும் குடிக்கும். அதனால ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்கை முதல்லயே உருவிப் பாத்துக்குங்க.

ஸ்கேனர் போட்டு "ஃபால்ட் இல்ல"ன்னு காட்டினா நம்பிடாதீங்க. ரெடினெஸ் மானிட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க, வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு அதுல தெரியும். பாதிக்கு மேல "முடியல"ன்னு காட்டினா, இப்பதான் ஸ்கேனர் வச்சு ஃபால்ட் பதிவை அழிச்சிருக்காங்க, இல்லாட்டி பேட்டரியைக் கழட்டி மாட்டியிருக்காங்க. வண்டி பத்து நாள் ஓடின பிறகு மறுபடி ஸ்கேன் போடாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கியர்பாக்ஸ் ஆறு கியர் டி.எஸ்.ஜி.ன்னா (ரெட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) 60,000 கிலோமீட்டருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாத்தினதுக்கு பில் கேளுங்க. வேகமா ஓட்டிப் பாக்குறதுல கிளட்ச் தேஞ்சது தெரியாது. ஊர்ந்து போகும்போதும், மேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போதும் நடுங்குதான்னு பாருங்க.

தருமபுரி உறுப்பினர்:

ஏர்பேக்கை யாரும் சொல்லலையே. சாவி ஆன் பண்ணதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில வினாடியில அணையணும். எரியவே இல்லைன்னா, வெடிச்ச பையை மாத்தாம லைட்டை மட்டும் துண்டிச்சிருக்க வாய்ப்பு அதிகம். டகாட்டாங்கிற ஜப்பான் கம்பெனி செஞ்ச ஏர்பேக்கைத் திரும்பப் பெறுதல் பல கார் கம்பெனிகளை இழுத்த விஷயம். வெயிலும் ஈரமும் சேர்ந்து உள்ள இருக்குற வெடிமருந்தைக் கெடுத்து, வெடிக்கும்போது இரும்புத் துண்டு தெறிச்சு உயிரே போயிருக்கு. சேஸிஸ் நம்பரைக் கம்பெனி தளத்துல போட்டா பாக்கி இருக்கான்னு தெரியும், மாத்தித் தர காசு கேக்க மாட்டாங்க.

2022 செப்டம்பர் பெங்களூரு வெள்ளத்துல விலை உயர்ந்த கார்கள் நிறைய முழுகிச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கோடு இருந்தா அந்த வண்டியே வேணாம். சீட் தண்டவாளத்துல துரு, கார்பெட் அடியில வயர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கா, ஸ்பேர் வீல் குழியில மண் இருக்கா, எல்லாத்தையும் பாருங்க.

ஓசூர் உறுப்பினர்:

தம்பி சொன்னது சரி. லிஃப்ட்ல ஏத்தும்போது அலாய் வீலோட உள்பக்க விளிம்பையும் தடவிப் பாருங்க, வேகத்தடையிலும் பள்ளத்துலயும் அடி வாங்கின வெடிப்பு வெளிய இருந்து தெரியாது. லிஃப்ட்ல ஏத்த விடமாட்டேன்னா விட்டுடுங்க. கே.ஏ. நம்பர் (கர்நாடகப் பதிவு) வண்டிக்கு அந்த ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம். பன்னிரண்டு மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா மறுபதிவு கட்டாயம், தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டணும். கர்நாடகாவுல கட்டின வரியில மீதியைத் திரும்பக் கேக்க பழைய ரசீது வேணும், அதையும் ஓனர்கிட்ட மறக்காம வாங்கிக்குங்க.