‘யாரும் இல்லை’ என்றவள் குருகை ஏன் இழுக்கிறாள்?

தாமதவாசகன்:

குறுந்தொகையை உரை பார்க்காமல் படிப்பது என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். 25ஆம் பாட்டில், கபிலரிடம், மாட்டிக்கொண்டேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அகராதியைப் புரட்டினேன். ஆரல் ஒரு மீன், குருகு நாரை, ஞான்று நாள். மணந்த என்பதற்கு அகராதி தேவையில்லை என்று விட்டுவிட்டேன். ஆக, கல்யாணத்தன்று ஒரு நாரை நின்றது, மாப்பிள்ளை ஒரு திருடன். ஐந்து வரியும் ‘புரிந்துவிட்டது’, ஆனால் பாட்டு மட்டும் புரியவில்லை. எங்கே வழுக்கினேன்?

பழைய வாத்தியார்:

தம்பி (வயதில் மூத்தவராக இருந்தால் மன்னியுங்கள்), அகராதி பார்க்காமல் விட்ட அந்த ஒரு சொல்லில்தான். தெரியாத சொல் நம்மை நிறுத்திவைக்கும். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். முதல் வரியே ‘யாரும் இல்லை’ என்கிறது. யாரும் இல்லாமல் ஒரு கல்யாணமா? அந்த இடத்தில் உங்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். மணத்தல் என்றால் கூடுதல், அதாவது காதலர் ஒன்றுசேர்தல், என்றும் பொருள் உண்டு. அதைப் போட்டுப் படியுங்கள், மற்ற வரிகள் தாமாக நகர்ந்து இடம் பிடிக்கும். தனியாகச் சந்தித்திருக்கிறார்கள். அவன் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறான். என்ன வாக்கு என்று பாட்டில் இல்லை, ‘அது’ என்பதோடு சரி. ‘பொய்த்தான்’ என்று அவள் சொல்லவில்லை, ‘பொய்ப்பின்’ என்கிறாள். இன்னும் ஏமாற்றவில்லை, பயம் வந்துவிட்டது. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? இருந்த ஒரே ஆள் அந்தக் கள்வன்தான்.

அப்புறம் குருகு. ‘யாரும் இல்லை’ என்றவள் ‘குருகும் உண்டு’ என்றால் முரண்தானே? இல்லை. யார் என்பது உயர்திணைக்குரிய வினா. நாரை அதில் அடங்காது. அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எதை? ஆரலை. கண் இருந்தும் உதவாத சாட்சி. வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அரை நிமிடம் சும்மா நிற்பேன். பையன்கள் நான் பாடத்தை மறந்துவிட்டதாக நினைப்பார்கள்.

ஊகித்து முடித்த பிறகு உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துச் சரிபாருங்கள். தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட, தலைவி தோழியிடம் சொன்னது என்று துறைக்குறிப்பு இருக்கும். ஊகிப்பதற்கு முன்னால் பார்த்தால் ருசி போய்விடும்.

சந்தேகப்பிராணி:

நாரைதான் தலைவன், ஆரல்தான் தலைவி என்று ஒருவர் எனக்கு விளக்கினார். தொல்காப்பியமே உள்ளுறை உவமம் (இயற்கைக் காட்சிக்குள் மனிதர் செய்தியை மறைத்துச் சொல்லும் உவமை) பேசுகிறதே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள் ஐயா?

பழைய வாத்தியார்:

விடவில்லை, தயங்குகிறேன். உள்ளுறை என்று சொல்லிவிட்டால் எதையும் எதோடும் ஒட்டிவிடலாம் என்று ஆகிவிடக் கூடாது. நாரை இன்னும் ‘பார்க்கும்’ நிலையில்தான் நிற்கிறது, மீன் அகப்படவில்லை. தலைவனோ ஏற்கெனவே ‘மணந்த’வன். கணக்கு உதைக்கிறது. தன் காரியத்திலேயே கண்ணாயிருக்கும் குணம் இருவருக்கும் பொது என்று மட்டும் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் போக, பாட்டிலிருந்து ஒரு சொல்லையாவது காட்ட வேண்டும்.

தாமதவாசகன்:

நன்றி ஐயா. இரவு மறுபடி படித்தேன். ஒன்று தோன்றுகிறது, அதிகப்பிரசங்கித்தனமா என்று சொல்லுங்கள். நாரையின் கால் தினைத்தாள் போல மெலிந்தது, பசுமையானது என்று இவ்வளவு நாள் கழித்தும் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்படியென்றால் அன்று அவள் கண் எங்கே இருந்தது? அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, தண்ணீரில் நின்ற அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாளோ?

பழைய வாத்தியார்:

வெட்கம் என்ற சொல் பாட்டில் இல்லை. கால் இருக்கிறது. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் எனக்கு இது தோன்றவில்லை, தம்பி.